ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது: டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து தொடங்கிய ஒருவரின் அனுபவம்

சிங்கப்பூர்த் தமிழர் என்றால் கிரிக்கெட் கூடவே பிறந்திருக்கும் என்று தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த நண்பர்கள் பலர் எண்ணுகிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்கு நடுவே காற்பந்து ஆடி வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அது அப்பா தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டம், அவ்வளவுதான். பள்ளியிலும் தேசிய சேவையிலும் என் கால்களில் இருந்தது காற்பந்தே. முப்பது வயதைக் கடந்த பிறகு, அலுவலகத்தில் உடன் பணியாற்றும் சென்னைக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு ஆள் தேடியபோதுதான் கிரிக்கெட்டைக் கற்க முன்வந்தேன். இருபது ஓவர் ஆட்டங்களைப் பார்த்துத் தொடங்குவதே புதியவருக்கு எளிது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து தொடங்கினேன். புதிதாக வரும் எவருக்கும் இன்று அதையே பரிந்துரைக்கிறேன். எந்தப் பந்தை ஆட வேண்டும் என்பதற்கு முன்னால் எந்தப் பந்தை விட வேண்டும் என்பதைக் கற்றவருக்கு மற்றவை விரைவில் கைகூடுகின்றன என்பதும், அந்தப் பாடத்தை டெஸ்ட் ஆட்டம் போல் வேறெதுவும் பொறுமையாகக் காட்டித் தருவதில்லை என்பதும் நான் ஆடிப் பார்த்து அடைந்த முடிவுகள்.

என் வழிகாட்டி, எங்கள் ஆட்டங்களுக்கு நடுவராக வரும் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். யாழ்ப்பாணத்து வேர் கொண்ட குடும்பத்தவர். இளமையில் பாலஸ்டியர் சாலைத் திடல்களில் ஆடியவர். நாங்கள் அனைவரும் அவரை அங்கிள் என்றே அழைப்போம். 1996 ஏப்ரலில் பாடாங் திடலில் சனத் ஜெயசூர்யா பாகிஸ்தானுக்கு எதிராக 48 பந்துகளில் சதம் அடித்ததை நேரில் பார்த்தவர். அந்த நாளைப் பற்றிக் கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார். ஆனால் எனக்குக் கற்பிக்கத் தொடங்கியபோது அவர் எடுத்த பேச்சு அதைப் பற்றியது அன்று. “தம்பி, அடிக்கிறதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம், கை தானாகவே போகும். போகிற கையை நிறுத்தத்தான் பழக வேண்டும்” என்றார்.

டெஸ்ட் ஆட்டத்தின் சட்டகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபது ஓவர் ஆட்டத்தில் ஓவர்கள் தீர்ந்தால் ஆட்டம் முடிகிறது. டெஸ்டில் ஓர் இன்னிங்ஸுக்கு ஓவர் வரம்பே இல்லை, காலத்துக்கு மட்டுமே வரம்பு உண்டு. ஐந்து நாள், நாளொன்றுக்குக் குறைந்தது 90 ஓவர், வழக்கமாக இரண்டிரண்டு மணி நேரமாக மூன்று பகுதிகள், இடையில் 40 நிமிட மதிய உணவு, 20 நிமிடத் தேநீர் இடைவேளை. இரு அணிகளும் இரண்டு முறை மட்டை பிடிக்கும். எதிரணியைவிட அதிக ஓட்டம் சேர்த்தால் மட்டும் வெற்றி கிடைத்துவிடாது. எதிரணி கடைசியாக மட்டை பிடிக்கிறது என்றால், அதன் கடைசி விக்கெட்டையும் குறித்த காலத்துக்குள் வீழ்த்தியாக வேண்டும். வீழ்த்த முடியாவிட்டால், முந்நூறு ஓட்டம் முன்னிலையில் இருந்தாலும் ஆட்டம் டிரா. இந்த ஒன்று புரிந்தபோது மற்ற விதிகளெல்லாம் அதன் கிளைகளாகத் தெரிந்தன.

1986 செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ஒன்றே அந்தக் கிளைகள் அனைத்தையும் விளக்கப் போதுமானது. ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574 ஓட்டம் எடுத்து டிக்ளேர் செய்தது, அதாவது இன்னிங்ஸைத் தானே முடித்துக்கொண்டது; மேலும் ஆடினால் ஓட்டம் கூடும், ஆனால் இந்தியாவை வீழ்த்துவதற்கான நேரம் குறையும் என்பதே டிக்ளேர் செய்வதன் கணக்கு. ஐந்து நாள் ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடும் அணி முதல் இன்னிங்ஸில் 200 ஓட்டமோ அதற்கு மேலோ பின்தங்கினால், அதையே உடனடியாக மீண்டும் ஆடச் சொல்லும் உரிமை எதிரணிக்கு உண்டு. அதுதான் ஃபாலோ ஆன். இந்தியா 397 எடுத்ததால் 177 ஓட்டமே பின்தங்கித் தப்பியது. ஆஸ்திரேலியா இரண்டாம் முறை 5 விக்கெட்டுக்கு 170 எடுத்து மீண்டும் டிக்ளேர் செய்து, கடைசி நாளில் 348 என்ற இலக்கை வைத்தது. இந்தியா 347 எடுத்திருந்தபோது, இன்னும் ஒரே ஒரு பந்து மிச்சமிருக்கும் நிலையில், கடைசி விக்கெட் எல்பிடபிள்யூ முறையில் (ஸ்டம்புக்குச் செல்லும் பந்து காலில் பட்டு) விழுந்தது. ஓட்டங்கள் சமம், கடைசி இன்னிங்ஸும் முற்றுப்பெற்றது. ஆகவே அது டிரா இல்லை, டை. 1877இல் டெஸ்ட் ஆட்டம் தொடங்கியதிலிருந்து இன்றுவரை இப்படி முடிந்தவை இரண்டே, 1960இல் பிரிஸ்பேனிலும் 1986இல் சென்னையிலும். விதிப் புத்தகத்தைப் படித்துப் புரியாதவர்கள் இந்த ஓர் ஆட்டத்தின் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தால் போதும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பார்ப்பதற்குச் சிங்கப்பூரின் நேரம் மிகவும் தோதானது. சிட்னியிலும் மெல்பர்னிலும் ஆடும்போது நமக்குக் காலை ஏழரை மணிக்குத் தொடங்குகிறது, சென்னையில் ஆடினால் நண்பகல், இங்கிலாந்தில் ஆடினால் மாலை ஆறு மணி. ஐந்து நாளும் உட்கார்ந்து பார்க்க வேலைக்குச் செல்பவர்களால் இயலாது, தேவையும் இல்லை. முதல் நாளின் முதல் ஒரு மணி நேரத்தையும், 80 ஓவர் முடிந்து பந்துவீசும் அணி புதுப் பந்தை வாங்கிய பிறகு வரும் அரை மணி நேரத்தையும் இடைவிடாமல் பாருங்கள். அப்போது ஓட்ட எண்ணிக்கையைப் பார்க்காமல் மூன்றை மட்டும் கவனிக்க வேண்டும் என்பது அங்கிள் எனக்கு இட்ட கட்டளை: விக்கெட் கீப்பர் ஸ்டம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார், அவருக்கு அருகில் எத்தனை ஸ்லிப் ஆட்டக்காரர்கள், மட்டையாளர் எந்தப் பந்துகளைத் தொடாமல் விடுகிறார். கீப்பர் பின்னால் நகர்ந்தால் வேகமும் எழுச்சியும் கூடியிருக்கின்றன என்று பொருள். ஸ்லிப்பில் மூவர் நின்றால், மட்டையின் விளிம்பில் பட்டுப் பந்து பின்னால் போகும் என்று பந்துவீசும் அணி எதிர்பார்க்கிறது. இருபது ஓவர் ஆட்டத்தில் அந்த மூவரை அங்கே நிறுத்திவைக்க எந்தத் தலைவருக்கும் மனம் வராது, ஏனெனில் எல்லைக்கோட்டைக் காக்க ஆள் போதாது. டெஸ்டில் ஓட்டம் கொடுப்பதைப் பற்றி அவ்வளவு கவலை இல்லாததால் தாக்கும் களவியூகத்தை நீண்ட நேரம் பார்க்க முடிகிறது. புதியவரின் கண்ணுக்கு ஆட்டத்தின் நோக்கம் தெளிவாகத் தெரிவது அங்கேதான்.

இனி, விடுதல். வேகப்பந்து வீச்சாளர் டெஸ்டில் பெரும்பாலும் குறிவைப்பது ஆஃப் ஸ்டம்பின் (மூன்று ஸ்டம்புகளில் மட்டையாளரின் காலிலிருந்து மிகத் தள்ளியிருப்பதன்) உச்சியையும் அதற்குச் சற்றே வெளியே உள்ள பாதையையும்தான். அந்தப் பாதையில் வரும் பந்து ஸ்டம்பில் படுமா, வெளியே போகுமா என்று முடிவெடுக்க மட்டையாளருக்கு அரை நொடிதான் கிடைக்கிறது. ஐயத்தில் மட்டையை நீட்டுபவர் விளிம்பில் தட்டி ஸ்லிப்பில் பிடிகொடுக்கிறார். ஆட வேண்டியதை விட்டவர் ஸ்டம்பை இழக்கிறார். ஆகவே விடுதல் என்பது சும்மா இருத்தல் அன்று. தன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்பதைத் திரும்பிப் பார்க்காமலே அறிந்திருக்கும் திறமை அது. 2018–19 ஆஸ்திரேலியப் பயணத்தில் சேதேஸ்வர் புஜாரா நான்கு டெஸ்டுகளில் 1,258 பந்துகளைச் சந்தித்து 521 ஓட்டம் எடுத்தார். அந்தப் பந்துகளில் எத்தனையை அவர் தொடாமல் அனுப்பினார் என்பதை மறுஒளிபரப்பில் பார்த்தபோதுதான், அந்நாட்டின் வீச்சாளர்கள் மாலையில் ஏன் அவ்வளவு களைத்துத் தெரிந்தார்கள் என்பது எனக்கு விளங்கியது. 2004 ஜனவரியில் சிட்னியில் சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் எடுத்த 241 இன்னும் வியப்புக்குரியது. அத்தொடரில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே டிரைவ் ஆடப்போய் ஆட்டமிழந்தவர், அந்த இன்னிங்ஸில் ஆஃப் பக்கம் முன்னோக்கி அடிக்கும், தமக்கு மிகவும் பிடித்தமான கவர் டிரைவை ஒதுக்கி வைத்துவிட்டு, உள்ளே வந்த பந்துகளைப் பெரும்பாலும் கால் பக்கம் ஆடியே அந்த எண்ணிக்கையை அடைந்தார்.

இதைப் பழகுவதற்கு அங்கிள் தந்த முதல் பயிற்சியில் மட்டையே கிடையாது. கால்காப்பு, கையுறை, தலைக்கவசம் அணிந்து, வலைப்பயிற்சி இடத்தில் நடு ஸ்டம்புக்கு நேராகக் கார்டு எடுத்து (நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு) நிற்க வேண்டும். பந்து கையிலிருந்து வருவதற்குச் சற்று முன்பு பின்காலைச் சிறிது பின்னாகவும் குறுக்காகவும் நகர்த்தினால் தலை ஏறத்தாழ ஆஃப் ஸ்டம்புக்கு நேராக வந்துவிடும். இப்போது கண்களின் கோட்டுக்கு வெளியே வருவதெல்லாம் விடத் தக்கது. கோட்டிலோ உள்ளேயோ வருவது ஆடத் தக்கது. ஒருவர் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று டென்னிஸ் பந்தை எறிய, அது தரையைத் தொடும் முன்பே “விடு” அல்லது “ஆடு” என்று உரக்கச் சொல்ல வேண்டும். பின்னால் ஒருவர் நின்று சரியா தவறா என்று கூறுவார். வாய் சரியாகச் சொல்லத் தொடங்கிய பிறகே கையில் மட்டை வந்தது. மட்டையோடு விடும்போது கைகளை உடலுக்கு அருகில் உயர்த்தி, பந்து கீப்பரின் கையுறைக்குள் செல்லும் வரை கண்ணால் தொடர வேண்டும் என்பது அடுத்த படி. பாதியில் கண்ணை எடுத்தால் பந்து எவ்வளவு திரும்பியது, எவ்வளவு எழும்பியது என்ற செய்தி கிடைக்காமல் போகிறது. அடுத்த பந்தை ஆடுவதற்கு அந்தச் செய்திதான் கைமுதல்.

பந்தை விடப் பழகுபவர்கள் எல்பிடபிள்யூ விதியில் ஒரு பகுதியைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பந்து லெக் ஸ்டம்புக்கு (கால் பக்கத்து ஸ்டம்புக்கு) வெளியே குத்தினால் அவுட் கிடையாது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டால், மட்டையாளர் பந்தை ஆட உண்மையாக முயன்றிருந்தால் அவுட் கிடையாது. ஆனால் ஆடும் முயற்சியே இல்லாமல் விட்டிருந்தால், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டாலும், பந்து ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று நடுவர் கருதினால் அவுட் கொடுக்கலாம். உள்ளே திரும்பும் பந்து வீசுபவரிடம் விடுவது ஆபத்து என்று சொல்வதற்கு இதுவே காரணம். எங்கள் குழுவில் பல ஆண்டுகளாக ஆடுபவர்கள் சிலருக்கும் இது புதுச் செய்தியாக இருந்தது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை; அது வரும் வேகத்தில் எலும்பை முறிக்க வல்லது. ஆகவே பணத்தை முதலில் தலைக்கவசத்துக்கும் இடுப்புக் காப்புக்கும் செலவழியுங்கள், பிறகு கையுறை, பிறகு கால்காப்பு. மட்டையை இறுதியாக வாங்கலாம். தொடக்கத்தில் குழுவில் எவரிடமும் இரவல் கிடைக்கும், பலவற்றைப் பிடித்துப் பார்த்த பிறகே தமக்குரிய எடை எது என்று தெரியவும் வரும். இங்கிலீஷ் வில்லோ மட்டை வாங்கினால் மரச் சுத்தியலால் பல மணி நேரம் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்தாமல் தோல் பந்தை ஆடக் கூடாது. செயற்கை விரிப்பு ஆடுகளத்துக்கு ரப்பர் அடிப்பகுதி கொண்ட காலணியே ஏற்றது. நம் ஊர் ஈரக்காற்றில் கையுறையும் கால்காப்பும் பைக்குள் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். வீடு திரும்பியதும் துணி காயப்போடும் இடத்தில் அவற்றைப் பரப்பிவிட வேண்டும். வியர்வையில் கையுறை நனைந்து மட்டை வழுக்குவதால், இரண்டு இணை கையுறை வைத்திருப்பது இங்கே தேவையான செலவு.

பந்துவீச்சில் எனக்கு உதவியதும் டெஸ்ட் ஆட்டத்தைப் பார்த்த பழக்கமே. வேகத்தைப் பற்றி நினைக்காமல், மட்டையாளரின் ஸ்டம்பிலிருந்து ஏறக்குறைய ஆறு மீட்டர் தொலைவில், ஆஃப் ஸ்டம்புக்கு நேராக ஒரு துண்டை விரித்து அதன்மேல் குத்தவைக்க முயன்றேன். பந்தின் தையல் நேராக நிற்கும்படி விரல்களை அதன் இருபுறமும் வைத்து வீசினால், குத்திய பிறகு அது எப்பக்கம் நகரும் என்று வீசுபவருக்கே தெரியாது. மட்டையாளருக்கு அது போதுமான தொல்லை. பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருப்பதும் குழுவினர் அனைவரின் பொறுப்பு. சர்வதேச ஆட்டங்களில் எச்சில் தொட்டுத் தேய்ப்பது 2020 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. வியர்வைக்கு அனுமதி உண்டு, சிங்கப்பூரில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

காற்பந்து ஆடியவருக்கு ஓடுவது எளிது, குனிந்து பந்தை வாங்குவதுதான் புதிது. தோல் பந்தைப் பிடிக்கும்போது கைகளைப் பந்தை நோக்கி நீட்டாமல், பந்து வந்து சேரும் கணத்தில் சற்றே பின்னிழுத்து ஏற்க வேண்டும். விறைத்த விரலில் பட்டால் பந்தும் தெறிக்கும், விரலும் வீங்கும். மார்புக்குக் கீழே வருவதற்கு விரல்கள் தரையை நோக்கியும், மேலே வருவதற்கு வானை நோக்கியும் இருக்க வேண்டும்.

வெயிலும் மழையும் இங்கே தனிப் பாடங்கள். அந்த 1986 ஆட்டத்தில் 210 ஓட்டம் எடுத்த டீன் ஜோன்ஸ், சென்னை வெயிலில் உடல் நீரிழந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார் என்பதை எங்கள் குழுவுக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு. தாகம் எடுத்த பிறகு குடிப்பது காலம் கடந்த செயல். ஆட்டத்துக்கு முந்திய இரவிலிருந்தே நீர் அருந்த வேண்டும், களத்தில் உப்புச் சத்துக் கலந்த பானம் வைத்திருக்க வேண்டும். பிற்பகலில் இடி கேட்டால், விக்கெட் விழும் தறுவாயிலிருந்தாலும் களத்தைவிட்டு வெளியேறிவிடுங்கள். திறந்த திடலில் உயர்ந்து நிற்பவை நம் உடல்களே. ஓவர் மிச்சம் என்று யாரேனும் வாதிட்டால் அவரோடு ஆடாதீர்கள்; இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

எங்கள் ஞாயிறு ஆட்டங்கள் முப்பது ஓவர் கொண்டவை. அதில் பந்தை விடுவது வீண் என்று கருதுபவர்கள் உண்டு. என் முதல் முழு ஆட்டத்தில், தொடக்க விக்கெட்டுகள் சரிந்ததும் தலைவர் என்னை முன்னதாகவே அனுப்பினார். எதிரணியின் வேகப்பந்து வீச்சாளர் புதுப் பந்தை வெளியே திருப்பிக்கொண்டிருந்தார். எனக்குமுன் ஆடியவர்கள் எல்லோரும் அந்தப் பந்துக்கே மட்டையை நீட்டிப் பிடிகொடுத்திருந்தார்கள். நான் விட்டேன். அடுத்ததையும் விட்டேன். எதிர்முனையிலிருந்த நண்பர், “அண்ணே, ஓவர் போகுது” என்றார். மட்டைக்கு எட்டாமல் வீசப்படும் பந்துக்கு ஓட்டம் தரும் வைட் விதி குறைந்த ஓவர் ஆட்டங்களில் கடுமையானது என்பதால், விட்ட பந்துகளில் சில எங்களுக்கு ஓட்டமாகவே வந்தன. விளிம்பு கிடைக்காத வீச்சாளர் மெல்ல ஸ்டம்பை நோக்கி வீசத் தொடங்கினார். நான் காத்திருந்தது அந்தப் பாதைக்குத்தான். நேராக வந்த பந்துகளைக் கால் பக்கம் தட்டி ஒன்றும் இரண்டுமாகச் சேர்க்க முடிந்தது. அவர் ஓவர்கள் முடிந்து பழைய பந்தோடு மெதுவான வீச்சாளர்கள் வந்தபோது எங்கள் கையில் விக்கெட்டுகள் இருந்தன. அடிக்கத் தெரிந்த நண்பர்கள் மறுமுனையில் நிம்மதியாக அடித்தார்கள். பந்துவீச்சாளரைத் தன் திட்டத்தை மாற்றிக்கொள்ள வைப்பதே விடுதலின் பயன் என்று தொலைக்காட்சியில் கண்டதை அன்று இருபத்திரண்டு கஜ ஆடுகளத்தில் நின்று உணர்ந்தேன். அந்த மகிழ்ச்சிக்கு இணையான ஒன்றைக் காற்பந்துத் திடலில் நான் அறிந்ததில்லை.

ஆடத் தயக்கமுள்ளவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. சிங்கப்பூரில் வார இறுதிகளில் ஆடும் குழுக்கள் எல்லாவற்றுக்கும் ஆட்டக்காரர்கள் கிடைத்துவிடுகிறார்கள், ஸ்கோர் எழுத ஆள் கிடைப்பதில்லை. நீங்கள் எழுதுகிறேன் என்று சொல்லிப் போனால் எந்தக் குழுவும் மறுக்காது. ஒவ்வொரு பந்தையும் குறிக்க வேண்டியிருப்பதால் கண் அலைபாயாது, நடுவரின் கைச்சைகைகள் அனைத்தும் பழகிவிடும். ஓட்டமில்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஓர் ஓவரில் ஆறும் புள்ளிகளானால் அது மெய்டன், அந்தப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்து வைப்பது வழக்கம். சில வாரங்கள் எழுதிய பிறகு, புள்ளிகள் தொடர்ந்து வரும் ஓவர்களுக்கு அடுத்ததாக விக்கெட் விழுகிறதா, ஓட்டம் பெருகுகிறதா என்று பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அதற்குள் யாராவது ஒருவர் வர முடியாமல் போய்ப் பதினோராவது ஆளாக உங்களைக் களத்துக்கு அழைத்திருப்பார்கள். ரப்பர் காலணியை மட்டும் முதல் வாரத்திலிருந்தே பையில் வைத்திருங்கள்.